வீட்டில் பயின்ற மகள் நான்காம் ஆண்டில் சேர்ந்தபோது: ஒரு தாயின் முதல் பள்ளியாண்டு

பின்னணி

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ஜெம்போல் மாவட்டத்தில், பஹாவ் வட்டாரத்துத் தோட்டப்புற நகரொன்றின் தமிழ்ப்பள்ளியில் 2025ஆம் கல்வியாண்டில் நிகழ்ந்ததை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. பெற்றோரின் இசைவு பெறப்பட்டுள்ளது; குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன. நான் அப்பள்ளியில் பாட ஆசிரியராகப் பணியாற்றுவதோடு வழிகாட்டுதல், ஆலோசனைப் பொறுப்பையும் ஏற்றிருக்கிறேன். மாணவர் எண்ணிக்கை 150க்கும் குறைவாக உள்ள எங்களுடையது போன்ற பள்ளிகளில் இத்தகைய பொறுப்புகள் வகுப்புப் பாடங்களோடு சேர்ந்தே வருகின்றன.

மாணவி 2015இல் பிறந்தவர். நான்கு வயதில் அவருக்கு நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் கண்டது. சிறுநீரகத்தின் வடிகட்டும் பகுதி புரதத்தைத் தக்கவைக்க முடியாமல் சிறுநீரில் கசியவிடும் நோய் இது. காலையில் கண்ணிமைகள் வீங்குவதும், பிறகு முகமும் கணுக்காலும் வயிறும் உப்புவதும் இதன் வெளிப்படையான அறிகுறிகள். பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரைக்குப் பெரும்பாலான குழந்தைகளின் உடல் நன்றாகவே இணங்குகிறது. ஆனால் நோய் திரும்பத் திரும்ப வரக்கூடியது. சாதாரணச் சளிக்காய்ச்சல்கூட அதைத் தூண்டிவிடும். அதிக அளவில் மாத்திரை உட்கொள்ளும் காலத்தில் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்துவிடுவதால், சின்னம்மை போன்ற தொற்றுகள் பிற குழந்தைகளைக் காட்டிலும் இவர்களுக்குக் கடுமையான ஆபத்தை விளைவிக்கும்.

2020 மார்ச் மாதம் கோவிட் பெருந்தொற்றை ஒட்டி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இந்தச் சிறுமி பாலர் பள்ளிக்குப் போகும் வயதை எட்டிக்கொண்டிருந்தார். அதனால் பாலர் பள்ளியையே அவர் அறியவில்லை. முதலாம் ஆண்டில் சேரவேண்டிய 2022இல் நோய் ஓராண்டுக்குள் பலமுறை திரும்பியிருந்தது. மலேசியாவில் 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்காத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அமைச்சர் விலக்களிப்பதற்கும் அதே சட்டத்தில் இடமுண்டு. பெற்றோர் சிறப்பு மருத்துவரின் கடிதத்தோடு முறைப்படி விண்ணப்பித்து விலக்குப் பெற்றனர். அன்றுமுதல் மூன்று ஆண்டுகள் தாயே மகளின் ஆசிரியர்.

தந்தை செம்பனை ஆலையில் முறைமாற்று வேலை பார்க்கும் பொறிவினைஞர். தந்தையின் தாயார் அவர்களுடன் வசிக்கிறார். தாய் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை பயின்று, மலாய்மொழித் தேர்ச்சி போதாமையால் இடைநிலைப்பள்ளியில் ஓராண்டுப் புகுமுக வகுப்பில் அமர்ந்து, பிறகு ஐந்தாம் படிவம் முடித்தவர். அந்தப் புகுமுக ஆண்டில், தமக்குத் தெரிந்தவை எல்லாம் வேறொரு மொழியில் திடீரெனத் தெரியாதவையாகிப் போனதாக அவர் எங்களிடம் கூறினார். மகளின் பள்ளிச் சேர்க்கையை அவர் அஞ்சியதற்கு நோய் மட்டுமே காரணம் என்று முதலில் எல்லாரும் எண்ணினோம். இந்தப் பழைய அனுபவத்திற்கும் அதில் பங்கிருந்தது என்பது பிற்பாடுதான் புலப்பட்டது.

சேர்க்கைக்கு முன்

2024இன் பிற்பகுதியில் நோய் நெடுநாள் திரும்பாதிருந்தது. மாத்திரையின் அளவும் மிகவும் குறைக்கப்பட்டிருந்தது. பள்ளிக்கு அனுப்பலாம் என்று சிரம்பானில் சிகிச்சையளித்த மருத்துவர் எழுதிக் கொடுத்தார். நம் நாட்டுப் பள்ளிகளில் மாணவர்கள் வயதின்படியே வகுப்பில் சேர்க்கப்படுவதால், ஒரு நாளும் வகுப்பறையில் அமர்ந்திராத சிறுமி நேராக நான்காம் ஆண்டில் நுழைய வேண்டியிருந்தது.

நான்காம் ஆண்டு எளிதான நுழைவாயில் அன்று. முதல் மூன்று ஆண்டுகளுக்கு 2019 முதல் தேர்வுகள் இல்லை. ஆசிரியர் வகுப்பறையிலேயே மதிப்பிடுகிறார். நான்காம் ஆண்டிலோ ஆண்டிறுதித் தேர்வு தொடங்குகிறது. வரலாறும் புதிதாகச் சேர்கிறது. தமிழ்ப்பள்ளியிலும் அது மலாய்மொழியிலேயே கற்பிக்கப்படுகிறது. தமிழ் மட்டுமே புழங்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு மலாய்மொழிப் பாடமும் வரலாறும் சேர்ந்தே சுமையாகும் என்பதை நாங்கள் முன்கூட்டியே அறிந்திருந்தோம். சேர்க்கைக்கு முந்திய சந்திப்பில் தாய் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் கழிப்பறை, குடிநீர், காய்ச்சலோடு வரும் பிள்ளைகள் ஆகியவற்றைப் பற்றியவை. தந்தை வேலை முறையின் காரணமாக வரவில்லை.

முதல் வாரங்களில் கண்டவை

பிப்ரவரியில் பள்ளி திறந்தது. மாணவியைப் பற்றி வகுப்பாசிரியர் எழுதி வைத்த குறிப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாதவைபோல் தோன்றின. தமிழ் வாசிப்பில் அவர் வகுப்பிலேயே முன்னணியில் இருந்தார். பெருக்கல் கணக்கை மனத்துக்குள்ளேயே போட்டு விடை கூறினார். ஆனால் வெண்பலகையைப் பார்த்து எழுதும்போது பாதியிலேயே பின்தங்கினார். வழிமுறையை எழுதாமல் விடையை மட்டும் எழுதினார். கையை உயர்த்திவிட்டுப் பேசவேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஆசிரியரிடம் ஒரு பெரியவரைப்போல் நிதானமாக விளக்கம் கேட்டார். சக மாணவர்கள் கிண்டலாகப் பேசியபோது அது கிண்டல் என்றே விளங்காமல் பதில் கூறினார். இருபது நிமிட ஓய்வு வேளையில் உணவை முடிக்க அவரால் இயலவில்லை.

இவை எங்களை அவ்வளவாகக் கவலைப்படுத்தவில்லை. பிள்ளைகள் நடைமுறைகளைப் பிள்ளைகளிடமிருந்தே கற்றுக்கொள்கிறார்கள். மூன்றாம் வாரத்தில் அவர் கையை உயர்த்தினார். அடுத்த இருக்கையில் அமர்ந்த மாணவி ஓய்வு வேளையில் அவருக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்.

தாயிடம் கண்டவை வேறு. காலையில் மகளை விட்டுவிட்டு அவர் வீடு திரும்பவில்லை. ஓய்வு வேளை முடியும்வரை வேலிக்கு வெளியே நின்றார். பிற்பகலில் வாயிலிலேயே மகளிடம் என்ன சாப்பிட்டாய், யார் பேசினார்கள், யார் இருமினார்கள், எந்தக் கணக்கைப் பிழையாகப் போட்டாய் என்று அடுக்கடுக்காகக் கேட்டார். அன்றைய பாடத்தை மாலையில் தம் முறையில் மீண்டும் நடத்தினார். வகுப்பில் எழுதியவற்றின் பக்கத்தில் பென்சிலால் தம் குறிப்புகளை எழுதினார். இரவில் வகுப்பாசிரியருக்கு நீண்ட புலனச் (வாட்ஸ்அப்) செய்திகள் வந்தன. அவற்றின் தொனி மரியாதையாகவே இருந்தது, எண்ணிக்கைதான் மிகுதி.

சில வாரங்களில் மகள் வாயிலில் பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டார். "என்ன நடந்துச்சுன்னு கேட்டா 'ஒன்னும் இல்ல'ன்னு சொல்றா, டீச்சர். முன்னாடி எங்கிட்ட மறைக்கவே மாட்டா" என்று தாய் என்னிடம் வருந்தினார். பள்ளியில் ஏதோ கெட்டது நடக்கிறது, மகள் அஞ்சி மறைக்கிறாள் என்பதே அவர் கண்ட பொருள். வகுப்பறையில் நாங்கள் கண்ட சிறுமியோ நாளுக்கு நாள் கலகலப்பாகிக்கொண்டிருந்தார்.

ஆசிரியர் அறையில் அந்தத் தாயைப் பற்றிப் பேசப்பட்ட விதத்தையும் பதிவு செய்யவேண்டும். 'பிள்ளையை விடமாட்டேன் என்கிறவர்' என்ற முத்திரை விரைவிலேயே அவர் மீது விழுந்தது. அந்த முத்திரையை நான் ஏற்கவில்லை. ஒவ்வொரு காலையும் மகளின் சிறுநீரில் சோதனைப் பட்டையை நனைத்து, நிறமாற்றத்தைக் குறிப்பேட்டில் பதிந்து, மூன்று நாள் தொடர்ந்து, புரதம் மிகுதி என்பதைக் குறிக்கும் மூன்று கூட்டல் (+++) காட்டினால் மருத்துவமனைக்கு விரைந்த பெண்மணி அவர். கவனமாக இருப்பதுதான் பல ஆண்டுகளாக அவருடைய பணி. அந்தக் கவனத்தால் மகளின் உடல்நிலை பலமுறை காக்கப்பட்டது. அப்படிப்பட்டவரிடம் பிப்ரவரி மாதத்து ஒரு திங்கட்கிழமை முதல் கவலைப்படாதீர்கள் என்று கூறுவது நியாயமன்று, பயனும் தராது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மார்ச் மாதத்தில் தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், நான் ஆகிய மூவரும் கூடிப் பேசினோம். வேலியருகே நிற்பதைத் தடைசெய்து, புலனச் செய்திகளுக்குப் பதிலளிப்பதை நிறுத்திவிடலாம் என்பது முதலில் எழுந்த கருத்து. அதை நாங்கள் கைவிட்டதற்குக் காரணம், தாயின் கையில் நோய்க் கண்காணிப்பு, கற்பித்தல் என்ற இரு வேறு பொறுப்புகள் ஒன்றாகப் பிணைந்திருந்தன என்பதை உணர்ந்ததே. முன்னது தொடரவேண்டியது, பின்னது கைமாற வேண்டியது. இரண்டையும் சேர்த்துத் தடுத்தால் அவர் இரண்டையும் சேர்த்தே இறுகப் பற்றிக்கொள்வார் என்று கருதினோம்.

ஆகவே முதலில் நோய்க் கண்காணிப்பை மட்டும் எழுத்தில் வடித்தோம். தாய் கூறக் கூற நான் எழுதினேன்: காலையில் இமை வீக்கம், காலணி இறுகுதல், சிறுநீர் குறைதல் அல்லது நுரைத்தல், காய்ச்சல், வயிற்றுவலி. இவற்றில் எது கண்டாலும் யார் யாரை அழைப்பது என்பது பெயர் வாரியாகக் குறிக்கப்பட்டது. பள்ளியில் எவருக்கேனும் சின்னம்மையோ தட்டம்மையோ கண்டால், அன்றே தாய்க்குத் தெரிவிக்கப் பள்ளி பொறுப்பேற்றது. தொற்றுக்கு ஆளான பிள்ளைக்குப் பாதுகாப்புச் சிகிச்சையைக் குறுகிய காலத்துக்குள் தொடங்கவேண்டும் என்பதால் இதில் தாமதத்துக்கு இடமில்லை. மாத்திரை வீட்டிலேயே காலை உணவுக்குப்பின் கொடுக்கப்படும். பள்ளி மருந்து எதையும் கொடுக்காது. உப்பைக் குறைக்கவேண்டிய காலங்களில் சிற்றுண்டிச்சாலையின் மீ கோரிங்கும் (வறுத்த நூடுல்ஸ்) கிச்சாப் (சோயா சாஸ்) ஊற்றிய உணவுகளும் ஆகாது என்பதைச் சிற்றுண்டிச்சாலை நடத்துபவரிடம் தாய் நேரில் விளக்கினார். இத்தாளின் ஒரு படி வகுப்பறையிலும் மற்றொன்று அலுவலகத்திலும் ஒட்டப்பட்டன. அதன்பின் ஒரு வாரத்துக்குள், எவரும் கேட்டுக்கொள்ளாமலே, அவர் ஓய்வு வேளைக்கு முன்பே வீடு திரும்பத் தொடங்கினார்.

அடுத்த முடிவைத்தான் இந்த நிகழ்வின் மையமாகக் கருதுகிறேன். மாணவியின் கற்றல் நிலைபற்றிப் பள்ளியிடம் எந்தப் பதிவும் இருக்கவில்லை. பாலர் பள்ளி அறிக்கை கிடையாது. முதல் மூன்று ஆண்டுகளின் வகுப்பறை மதிப்பீடும் கிடையாது. அந்தச் சிறுமி எதை எப்படிக் கற்றார் என்று அறிந்தவர் உலகத்தில் ஒருவரே. ஆகவே ஒரு வகுப்பை ஏற்கும் ஆசிரியர் அதற்கு முன் கற்பித்த ஆசிரியரிடம் கேட்பதுபோல், தாயிடம் முறையான ஒப்படைப்பு ஒன்றைக் கேட்டோம். இது அவரைச் சமாதானப்படுத்துவதற்காகச் செய்த ஏற்பாடு அன்று. எங்களுக்கு அந்த விவரங்கள் மெய்யாகவே தேவைப்பட்டன. அவை இல்லாமல் வகுப்பாசிரியர் இருட்டில் தடவிக்கொண்டிருந்தார்.

தாய் மூன்றாண்டுக் குறிப்பேடுகளைப் பை நிறையக் கொண்டுவந்தார். பள்ளி முடிந்த பிற்பகல்களில் வகுப்பாசிரியரும் அவரும் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தனர். நாங்கள் தடுமாறிக்கொண்டிருந்த பலவற்றுக்கு அங்கே விளக்கம் கிடைத்தது. ரப்பர் கொட்டைகளை வரிசை வரிசையாக அடுக்கித்தான் மகளுக்குப் பெருக்கல் கற்பிக்கப்பட்டிருந்தது. கண்ணை மூடினால் அந்த வரிசைகள் அவருக்குத் தெரிந்தன. எனவே வழிமுறையை எழுதும் தேவையே எழவில்லை. முகம் வீங்கி, கை நடுங்கிய நாள்களில் எழுத வைக்காமல் வாய்மொழியாகவே பாடம் நடந்திருந்தது. எழுத்து வேகம் குறைந்திருந்ததற்கு அது காரணம். சலிப்படைந்தால் அவர் தலைசாய்ப்பார், களைப்படைந்தால் நகத்தைக் கடிப்பார் என்ற குறிப்பு வகுப்பாசிரியருக்கு அன்றே பயன்பட்டது. சலிப்பையும் களைப்பையும் அவர் அதுவரை பிரித்தறியவில்லை. மலாய்மொழிக் குறிப்பேடு மட்டும் மெலிந்திருந்தது. அதைக் காட்டும்போது தாய் தம் புகுமுக வகுப்பைப் பற்றி முதன்முறையாகப் பேசினார்.

ஒப்படைப்பு முடிந்த நாளில் வகுப்பாசிரியர் அக்குறிப்பேடுகளின் சாரத்தை இரண்டு பக்கங்களில் எழுதி, தாயிடம் வாசித்துக் காட்டி, அவருடைய கையொப்பத்தையும் பெற்று மாணவியின் கோப்பில் சேர்த்தார். தம் மூன்றாண்டு உழைப்பு ஒரு பள்ளியின் ஆவணமாக ஏற்கப்பட்டதைத் தாய் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இது செய்யப்படவேண்டிய மரியாதை. வீட்டில் கற்ற பிள்ளையைப் பற்றிப் பேசும்போது 'பள்ளிக்கே போகாத பிள்ளை' என்று சொல்லிவிடுவது நமக்கு எளிது. அந்தச் சொற்களுக்குள் ஒருவருடைய பல ஆண்டு வேலை இல்லாமலாகிவிடுகிறது.

மாலைப் பாடம் குறித்து எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. தலைமையாசிரியர் அதை முற்றாக நிறுத்தச் சொல்ல விரும்பினார். வகுப்பாசிரியர் பள்ளியின் வழிமுறையைத் தாய்க்குக் கற்றுக்கொடுத்து மாலையில் அதன்படி நடத்தச் சொல்லலாம் என்றார். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. முற்றாக நிறுத்துவது தாயும் மகளும் சேர்ந்து மகிழ்ந்த ஒன்றை இருவரிடமிருந்தும் பறிப்பதாகும். பள்ளி வழிமுறையைக் கற்றுக்கொடுப்பது வீட்டை இரண்டாம் வகுப்பறையாக்கும். வீட்டுப்பாடத்தை மகள் தனியே செய்வார், பிழையானால் பிழையோடே வரட்டும், அதற்கு மாறாக மாலையில் அரைமணி நேரம் பள்ளிப் பாடத்தோடு தொடர்பற்ற தமிழ் நூல்களை இருவரும் சேர்ந்து வாசிக்கலாம் என்று முடிவாயிற்று. தாய் இதை உடனே ஏற்கவில்லை. பிழையான விடையோடு பிள்ளையை அனுப்புவது எப்படி என்று கேட்டார். பிழை இருந்தால்தான் எங்கே விளங்கவில்லை என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும் என்று விளக்கியபோது, தயக்கத்தோடு இணங்கினார்.

புலனச் செய்திகளுக்குப் பதிலாக வெள்ளிக்கிழமைதோறும் ஒரு தொடர்பேடு வீட்டுக்குப் போனது. நாள்தோறும் தகவல் தருவது அச்சத்தை நாள்தோறும் கிளறும் என்பதாலும், ஒரு வாரத்தை மொத்தமாகப் பார்த்தால்தான் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும் என்பதாலும் இம்முறையைத் தேர்ந்தோம். உடல்நலம் பற்றிய செய்திக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. வாயிலில் கேள்வி கேட்பதைப் பற்றியும் பேசினோம்: பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு முடிக்கும்வரை எதையும் கேட்க வேண்டாம் என்பது மட்டுமே நாங்கள் முன்வைத்த வேண்டுகோள்.

மகள் பழகிய பிறகு தாய்

ஏப்ரல் மாத முடிவில் பள்ளியின் பார்வையில் விவகாரம் தீர்ந்துவிட்டது. மாணவிக்குத் தோழியர் இருந்தனர்; வகுப்பில் உரக்க வாசிக்கும் பொறுப்பும் அவருக்குக் கிடைத்திருந்தது. தாயின் உண்மையான இடர் அப்போதுதான் தொடங்கியது. முதல் வாரங்களில் அவருக்கு அச்சம் இருந்தது; அச்சத்தோடு செய்யவேண்டிய வேலைகளும் இருந்தன. மகள் பழகியபின் அந்த வேலைகளும் இல்லாமற்போயின.

வெள்ளிக்கிழமைத் தொடர்பேடு கையொப்பமின்றித் திரும்பி வரத் தொடங்கியது. மகளை அழைத்துச் செல்லப் பாட்டி வந்தார். மருமகள் காலையில் படுத்தே கிடக்கிறார், சமையலிலும் நாட்டமில்லை என்று பாட்டி கூறினார். பேத்தி நன்றாக இருக்கும்போது இவளுக்கென்ன குறை என்பது அவருடைய கேள்வி. அதில் கடுமையைவிடக் குழப்பமே மிகுந்திருந்தது.

நானும் வகுப்பாசிரியரும் வீட்டுக்குச் சென்றோம். தாய் தெளிவாகவே பேசினார். "அவ நல்லா இருக்கா. அது எனக்குத் தெரியுது, டீச்சர். காலையில எட்டு மணி ஆனா எனக்குத்தான் என்ன செய்யறதுன்னு தெரியல." மகள் ஒரு கணக்கை வகுப்பில் கற்ற விதமாகச் செய்துகாட்டியதாகவும், தாம் பழைய முறையை நினைவூட்டியபோது, டீச்சர் சொன்னதுதான் சுலபம் என்று மகள் மென்மையாகச் சொன்னதாகவும் கூறி அழுதார். அவர் வெட்கப்பட்டார் என்பதே எங்களை வருத்தியது. பிள்ளை நலமாக இருக்கையில் தாய் துயரப்படுவது தன்னலம் என்று அவரே தம்மைக் குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்தார்.

இது தன்னலம் அன்று என்று அவரிடம் கூறினோம். பல ஆண்டுகள் இரவும் பகலும் செய்த ஒரு பணி முடிந்துவிட்டது. அதற்குப் பிரிவு உபசாரம் இல்லை, ஓய்வூதியம் இல்லை, அது பணி என்றுகூட எவரும் சொன்னதில்லை. தந்தையை அப்போதுதான் முதன்முறையாகச் சந்தித்தோம். அவர் சொற்களை எண்ணிப் பேசுபவர். மனைவி இனியாவது ஓய்வெடுக்கட்டும் என்று எண்ணி ஒதுங்கியிருந்ததாகக் கூறினார். ஓய்வு என்று அவர் எண்ணியதை மனைவி தனிமையாக உணர்ந்தார் என்பதை அந்த உரையாடலில்தான் அவர் அறிந்தார். தூக்கமின்மையும் சோர்வும் நீண்டதால் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் மருத்துவரைப் பார்க்கும்படி வலியுறுத்தினோம். தந்தை விடுப்பெடுத்து அழைத்துச் சென்றார்.

இதே காலத்தில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனையை முன்வைத்தது. பள்ளி நூலகத்தில் காலை வேளைகளில் தாய் உதவலாமே என்பது அது. தாய் மிகவும் விரும்பினார். நான் அதற்கு இணங்கவில்லை. அவர் மனம் புண்பட்டது. என் காரணம் இது: நூலகம் சிற்றுண்டிச்சாலையை ஒட்டியிருக்கிறது, ஒவ்வோர் ஓய்வு வேளையிலும் மகள் தாயைக் காண்பார், தோழியரை விட்டுவிட்டு அங்கே செல்வார் அல்லது செல்லாததற்காக வருந்துவார். முதல் ஆண்டு முடிந்தபின் மகளையும் கேட்டு முடிவு செய்யலாம் என்றேன். இது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன். ஆயினும் மறுப்பை மட்டும் கையில் கொடுத்து ஒருவரை அனுப்பிவிட முடியாது. கோவிலில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் சமய வகுப்பில் சிறு பிள்ளைகளுக்குத் தேவாரம் கற்பிக்க ஆள் தேவைப்பட்டதைப் பாட்டிதான் நினைவுபடுத்தினார். தாய் அங்கே சென்றார். வேறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தமக்கு வருமா என்ற ஐயம் அவரை விட்டு நீங்க அது உதவியது. ஜூன் மாதத்தில் பஹாவ் பட்டணத்தில் எழுதுபொருள் கடையொன்றில் காலைநேர வேலையும் கிடைத்தது.

ஜூலை மாத மீள்தாக்கம்

ஜூலையில் வகுப்பில் பலருக்குச் சளிக்காய்ச்சல் பரவியது. மாணவிக்கும் தொற்றியது, சில நாள்களில் சோதனைப் பட்டை அடர்பச்சையாக மாறியது. காலை இமை வீக்கத்தை அன்று தாய்க்கு முன்பே மகள் கண்ணாடியில் கண்டு சொல்லியிருக்கிறார். மருத்துவமனையோடு பேசி மாத்திரையின் அளவு கூட்டப்பட்டது. மருத்துவமனையில் தங்க நேரவில்லை.

மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவதாகத் தாய் அறிவித்தார். அவருடைய வாதத்தை எவரும் எளிதில் மறுத்துவிட முடியாது. தொற்று பள்ளியில்தான் வந்தது. வீட்டில் இருந்திருந்தால் வந்திருக்க வாய்ப்புக் குறைவு. இதை நாங்கள் வெளிப்படையாக ஒப்புக்கொண்டோம். பள்ளியில் ஆபத்தே இல்லை என்று கூறி அவரை இணங்கவைக்க முயன்றிருந்தால் அவருடைய நம்பிக்கையை முற்றாக இழந்திருப்போம். நோய் திரும்புவது இந்நோயின் இயல்பிலேயே உள்ளது என்பதையும், அந்த ஆபத்தை மீறியும் பள்ளியில் மகளுக்குக் கிடைப்பது என்ன என்பதையும் எடைபோடுவது குடும்பமும் மருத்துவரும் சேர்ந்து செய்யவேண்டியது என்று கூறினோம்.

மருத்துவர் கடிதம் கொடுத்தார்: சிறுநீரில் புரதம் மூன்று நாள் தொடர்ந்து இல்லாமலிருந்து, மகளும் தெம்பாக இருந்தால் பள்ளிக்குத் திரும்பலாம், வகுப்பில் அம்மைத் தொற்று இருக்கக்கூடாது. முடிவு ஓர் அளவுகோலில் அமைந்தது தாய்க்கு ஆறுதலளித்தது. வீட்டிலிருந்த வாரங்களில் வகுப்பாசிரியர் அன்றன்றைய பாடத்தை அனுப்பினார்; தாயே கற்பித்தார். இம்முறை அவர் வகுப்பின் வழிமுறையைத் தாமாகவே கேட்டு அறிந்து, அதன்படி நடத்தினார். எழுதிய தாள்களைத் திருத்தாமல் அனுப்பினார். மகளின் வகுப்புத் தோழியர் குரல் பதிவுகள் அனுப்ப, பிற்பகல்களில் அவற்றைக் கேட்டு மகள் பதிலனுப்புவதைத் தாய் அனுமதித்தார்.

ஆகஸ்டு தொடக்கத்தில் மாணவி திரும்பினார். மாத்திரையால் முகம் உருண்டிருந்தது. அதைப் பற்றி வகுப்பில் முன்கூட்டியே பேசலாமா என்று மாணவியிடமே கேட்டோம். தாமே சொல்லிக்கொள்வதாகக் கூறினார், சொல்லவும் செய்தார்.

ஆண்டு முடிவில்

மாணவி தம் வாழ்நாளின் முதல் தேர்வை எழுதினார். தமிழ்மொழியில் ஏ, கணிதத்தில் பி, மலாய்மொழியில் டி, வரலாற்றில் ஈ. மலாய்மொழியில் அவர் பேசத் தொடங்கியிருக்கிறார். ஆனால் வரலாற்றுப் பாடநூலின் ஒரு பக்கத்தைத் தனியே படித்து விளங்கிக்கொள்ள இன்னும் முடியவில்லை.

தாய் வாரத்தில் நான்கு காலைகள் கடையில் வேலை செய்கிறார். மாலை வாசிப்பு தொடர்கிறது. நூலைத் தேர்ந்தெடுப்பவர் இப்போது மகள். சோதனைப் பட்டையை மகளே நனைத்து நிறத்தைப் படிக்கிறார். தாய் சரிபார்த்துக் குறிப்பேட்டில் எழுதுகிறார். பள்ளி வேனில் அனுப்பலாமா என்பதில் கணவனுக்கும் மனைவிக்கும் இன்னும் உடன்பாடில்லை. சளி பரவும் மாதங்களில் தாயின் தூக்கம் இப்போதும் கெடுகிறது. தேவைப்படும்போது சுகாதார நிலையத்துக்குச் செல்கிறார்.

அடுத்த முறை மாற்றவேண்டியவை

வீட்டில் பயின்ற பிள்ளை சேரும்போது, கற்பித்த பெற்றோரிடமிருந்து ஒப்படைப்பைப் பள்ளி திறப்பதற்கு முந்திய விடுமுறையிலேயே பெறுவது நல்லது. மார்ச் மாதத்தில் எங்களுக்குக் கிடைத்த விவரங்கள் ஜனவரியில் கிடைத்திருந்தால், அந்தச் சிறுமி முதல் வாரங்களில் எழுத்து வேகத்துக்காகக் கடிந்துகொள்ளப்பட்டிருக்க மாட்டார். தந்தை சந்திப்புக்கு வரும்வரை காத்திருக்காமல் அவருடைய வேலை முறைக்கேற்ப நேரத்தை மாற்றி அழைக்கவேண்டும்.

பிள்ளை பழகிவிட்டார் என்று பள்ளி முடிவு செய்யும் நாளில் பெற்றோருக்கான கண்காணிப்பை முடித்துவிடக்கூடாது. மூன்றாம், நான்காம் மாதங்களில் ஒரு சந்திப்பைத் தொடக்கத்திலேயே நாள்காட்டியில் குறித்துவைக்கலாம். அதில் பிள்ளையைப் பற்றிய பேச்சை ஒதுக்கிவைத்து, பெற்றோரின் காலைப்பொழுது எப்படிக் கழிகிறது என்று நேரடியாகக் கேட்கவேண்டும். நோய் இல்லாத வீட்டுக்கும் இது பொருந்தும் என்பது என் கருத்து, கற்பித்தவர் கற்பித்தவரே.

மலாய்மொழிக்கு எங்களிடம் இன்னும் தகுந்த ஏற்பாடு இல்லை. குறைநீக்கல் வகுப்பு முதல் மூன்று ஆண்டு மாணவர்களுக்கென அமைந்தது. நான்காம் ஆண்டில் வந்து சேரும் பிள்ளைக்கு அதில் இடமில்லை. 2026 ஜனவரியில் மாணவியின் கோப்பை ஐந்தாம் ஆண்டு வகுப்பாசிரியரிடம் ஒப்படைத்தபோது, வரலாற்றுப் பாடத்தின் முக்கியச் சொற்களைத் தமிழ் விளக்கத்தோடு பட்டியலிட்டு வாரந்தோறும் வீட்டுக்கு அனுப்பும் திட்டத்தை அதில் சேர்த்திருக்கிறோம். பட்டியலைத் தயாரிப்பதில் தாயும் பங்கேற்கிறார். அம்மொழியில் தாம் எங்கெங்கே இடறினார் என்பது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. இதன் பயனை ஜூன் மாதத்தில் மதிப்பிடுவோம்.